‘புக் இல்லை’ என்று திரும்புவதற்கு முன்

அக்டோபர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் நம் பக்கத்துக் கல்லூரி நூலகக் கவுண்டர்களில் ஒரே பதில்தான் கேட்கும்: “இஷ்யூ ஆயிட்டுப்பா.” பாளையங்கோட்டை, பேட்டை, அம்பாசமுத்திரம், சுரண்டை என்று ஊர் மாறினாலும் பதில் மாறாது. கேட்டவர் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போய் சீனியருடைய கைடை நகல் எடுத்துக்கொள்வார். அவர் தேடிய புத்தகம் பல நேரம் அதே கட்டடத்துக்குள்தான் இருந்திருக்கும். வேறு அலமாரியில், வேறு எழுத்துக்கூட்டலில், ரெஃபரன்ஸ் பகுதியில், இல்லையென்றால் அவருக்குக் கொடுத்திருந்தும் ஒருமுறைகூடத் திறக்காத லாகினுக்குள். எப்போது, எந்தப் பெயரில், எந்த வாசலில் கேட்பது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

முதலில் காலக்கணக்கு. 60 பேர் படிக்கும் வகுப்பு, நூலகத்தில் 5 பிரதி, தவணை 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டரில் வகுப்பு நடப்பது 15, 16 வாரம். ஒரு பிரதி அதிகம் போனால் 7, 8 கை மாறும்; ஐந்து பிரதிக்கும் சேர்த்து 35 முதல் 40 பேர். மீதி 20, 25 பேருக்கு எப்படிக் கூட்டினாலும் கிடைக்காது. எல்லாரும் நாள் தவறாமல் திருப்பினால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். நடப்பதோ வேறு. முதல் சில வாரம் புத்தகம் அலமாரியில் தூங்கும். தேர்வு நெருங்கினால் எடுத்தவர் ஃபைன் கட்டினாலும் கட்டுவாரே தவிர திருப்ப மாட்டார். ஆகவே ஒற்றைப்படை செமஸ்டர் ஆனாலும் இரட்டைப்படை ஆனாலும், கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரத்திலேயே பாடத்திட்டத்தில் அச்சிட்டிருக்கும் நூல் பட்டியலோடு போய்விட வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து நாலு வெவ்வேறு புத்தகம் எடுத்து அறைக்குள் மாற்றிக்கொள்வது நெடுநாளாக இருக்கும் வழக்கம். பஸ்ஸில் வந்து போகிறவர்களும் ஒரே ரூட்டில் வருகிறவர்களாகச் சேர்ந்து இதைச் செய்யலாம். ஆனால் புத்தகம் யார் கார்டில் இருக்கிறதோ அவர்தான் ஃபைனுக்கும் தொலைந்தால் விலைக்கும் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தேர்வு நேரத்தில் போய் மாட்டிக்கொண்டவருக்கும் ஒரு வழி உண்டு. பாடநூல் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை வெளியே விடாமல் ரெஃபரன்ஸில் வைத்திருப்பது பெரும்பாலான நூலகங்களின் வழக்கம். “இஷ்யூவுக்கு இருக்கா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். “ரெஃபரன்ஸ் காப்பி இருக்கா, இங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கறேன்” என்று கேட்டுப் பாருங்கள். சில கல்லூரிகளில் மாலை பூட்டும் நேரத்தில் கொடுத்து மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளும் ஓவர்நைட் இஷ்யூவும் உண்டு. இதைப் பெரும்பாலும் எங்கும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்டலாக்கில் தேடுவது

நூலகக் கணினியில் தேடும் இடத்தை ஓபேக் என்பார்கள். பல கல்லூரிகளில் கோஹா மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தின் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. எந்த மென்பொருளானாலும் மாணவர்கள் செய்வது ஒரே தப்புதான்: பாடத்திட்டத்தில் இருக்கும் தலைப்பை முழுசாக அப்படியே அடிப்பது. பாடத்திட்டத்திலேயே தலைப்பு தப்பாக அச்சாகியிருப்பது அபூர்வமில்லை. ஒரு எழுத்து பிசகினாலும் கணினி கையை விரித்துவிடும். தலைப்பில் தனித்துத் தெரியும் இரண்டு சொல், ஆசிரியர் பெயரில் ஒரு சொல், அவ்வளவு போதும். சொல்லின் முடிவு சந்தேகமாக இருந்தால் முதல் ஐந்தாறு எழுத்தை அடித்து நட்சத்திரக் குறி போடுங்கள். கோஹா மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தமிழ்ப் புத்தகம் தேடும்போதுதான் தலைவலி. ஒரே நூலகத்தில் பதிவுகள் மூன்று விதமாக இருக்கும். புதியவை யூனிகோடு தமிழில் இருக்கும். சற்றுப் பழையவை ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் ‘திரு’ என்பதை ஒருவர் ‘டி’ மட்டும் போட்டு அடித்திருப்பார், இன்னொருவர் பக்கத்தில் ‘எச்’ சேர்த்திருப்பார். ‘ழ’ வரும் இடத்தில் இரண்டெழுத்து, ஓரெழுத்து எல்லாம் கலந்து கிடக்கும். இன்னும் பழையவை பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்தவை. இப்போது திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடலில் அகப்படவே அகப்படாது. ஆசிரியர் பெயரிலும் இதே பாடுதான். நம்மூர்க்காரரான வையாபுரிப் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்.’ என்றும் ‘ச.’ என்றும் முன்னெழுத்து மாறும், பெயருக்கும் ‘பிள்ளை’க்கும் நடுவே இடம் விட்டும் விடாமலும் இருக்கும், ‘ப்’ வரும், வராது. ‘வையாபுரி’ என்று மட்டும் அடிப்பதே உத்தமம்.

அப்படியும் கிடைக்கவில்லையா? கணினியை விட்டுவிட்டு அலமாரி எண்ணைப் பிடியுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் டியூயி தசம வகைப்பாடுதான், அதாவது பாடத்துக்கு ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் முறை. தமிழ் இலக்கியம் 894.811; அதற்கு அடுத்த இலக்கம் 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. தமிழ் இலக்கணமும் மொழியியலும் அங்கே இருக்காது, 494.811-ல், வேறு வரிசையில் நிற்கும். தமிழ்த்துறை மாணவர்கள் நன்னூல் உரையை இலக்கிய அலமாரியில் தேடி ஓய்ந்துபோவது இதனால்தான்.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத் தசமமாகப் படிக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. 658.15 என்பது 658.3-க்கு முன்னால் நிற்கும். 15 பெரியது, 3 சிறியது என்று நினைத்து நிதி மேலாண்மை நூலைப் பணியாளர் மேலாண்மைக்கு அந்தப் பக்கம் தேடினால் கிடைக்காது. எண்ணுக்குக் கீழே இருக்கும் மூன்றெழுத்து ஆசிரியர் பெயரின் சுருக்கம். ஒரே எண்ணில் நாற்பது புத்தகம் இருந்தால் அந்த மூன்றெழுத்துதான் கைகாட்டி.

ஒரே பாடம் பல இடத்தில் சிதறிக் கிடக்கும். சுற்றுச்சூழல் படிப்பு எல்லா இளநிலை மாணவருக்கும் வரும் தாள். அதற்கான நூல்கள் 333.7-ல் இயற்கை வளமாகவும், 363.7-ல் மாசுப் பிரச்சினையாகவும், 577-ல் சூழலியலாகவும் மூன்று அலமாரியில் இருக்கும். முதல் அலமாரி காலியானதும் எல்லாரும் திரும்பிப் போவார்கள். மற்ற இரண்டிலும் புத்தகம் தூசி படிந்து நிற்கும். புள்ளியியலும் அப்படித்தான்: கணிதத்தோடு 519.5-ல் ஒரு பகுதி, சமூக அறிவியல் பக்கம் 310-ல் ஒரு பகுதி. கணினி நூல்கள் 004 முதல் 006 வரை முதல் அலமாரியிலேயே இருக்க, எலெக்ட்ரானிக்ஸ் 621.381 என்று பொறியியலோடு வெகுதூரம் தள்ளி நிற்கும்.

ஓபேக் ‘அவைலபிள்’ என்று காட்டுகிறது, அலமாரியில் ஆளைக் காணோம் என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. நேற்றும் இன்றும் திருப்பிய புத்தகம் இன்னும் அடுக்கப்படாமல் கவுண்டருக்குப் பக்கத்து டிராலியிலோ மேசையிலோ கிடக்கும். வாசிப்பு மேசைகளில் யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துப் போனது இருக்கும். மூன்றாவது இடத்தைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான்: தனக்கே வேண்டும் என்று ஒளித்து வைப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் தத்துவ அலமாரியின் பின்வரிசையில் படுத்திருக்கும். அதே அலமாரியின் மேல்தட்டு, கீழ்த்தட்டு, வரிசைக்குப் பின்னால் உள்ள இடுக்கு எல்லாம் ஒருமுறை பாருங்கள். அதற்கும் மேல் கவுண்டரில் அக்செஷன் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தலைப்பைச் சொன்னால் ஊழியரும் உங்களைப் போலத்தான் தேட வேண்டும். அக்செஷன் எண் அந்த ஒற்றைப் பிரதிக்கே உரியது, பைண்டிங்குக்குப் போயிருக்கிறதா, துறை நூலகத்துக்குக் கொடுத்ததா என்று உடனே தெரிந்துவிடும்.

கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஊழியரைக் கேட்பது அவருக்குத் தொந்தரவு கொடுப்பது ஆகாது. அவர் வேலையே அதுதான். மதிய இடைவேளைக் கூட்டத்தில் கேட்காமல் வகுப்பு நடக்கும் நேரத்தில் கேட்டால் பதிலும் நிதானமாக வரும்.

புத்தகம் கையில் வந்ததும் கவுண்டரை விட்டு நகருமுன் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிளேடால் அறுத்த பக்கம், கழன்ற அட்டை ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லித் தேதித் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். திருப்பும்போது சொன்னால் பழி உங்கள் தலையில்தான்.

எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டிய பாடங்கள்

கரிம வேதியியலுக்கோ நுண்கணிதத்துக்கோ பழைய பதிப்பு எடுத்தால் பெரிதாகக் குடி முழுகாது. பயிற்சிக் கணக்கின் எண் மாறியிருக்கும், அவ்வளவுதான். வணிகவியலும் சட்டமும் அப்படி இல்லை. வருமான வரிக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பிரிவு எண்களே வேறு. குற்றவியலில் இந்திய தண்டனைச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. நிறுவனச் சட்டம் 2013-ல் மாறியது. சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் வந்தது. இதற்கு முந்தைய தடித்த பாடநூல்கள் அலமாரியில் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. அட்டை நன்றாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ‘மறு அச்சு’ என்று போட்டிருக்கும் ஆண்டைப் பதிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே சரக்கு பழையதாகவே இருக்கும். நடப்பிலிருக்கும் சட்டம் எது, தேர்வுக்குப் பாடத்திட்டம் கேட்கும் சட்டம் எது என்பதையும் ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்; இரண்டும் ஒரே செமஸ்டரில் மாறுவதில்லை.

லாகினுக்குள் இருக்கும் நூலகம்

கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டம் என்-லிஸ்ட். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது. 6,000-க்கு மேல் ஆய்விதழ்களும் லட்சக்கணக்கில் மின்னூல்களும் அதில் இருக்கின்றன. கல்லூரி சந்தா கட்டியிருந்தால் மாணவருக்கும் கணக்கு உண்டு. ஆனால் தானாக வராது. நூலகர் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். பெயர்ப்பட்டியலை முதல் ஆண்டிலேயே மொத்தமாக அனுப்பியிருப்பார்கள். கடவுச்சொல் வந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும். அல்லது சேர்க்கைப் படிவத்தில் கொடுத்தது அண்ணனுடைய முகவரியாகவோ பிரவுசிங் சென்டர்காரர் அப்போதைக்கு உண்டாக்கிக் கொடுத்த முகவரியாகவோ இருக்கும். இதைச் சரிசெய்ய நூலகருக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் பெயரில் எந்த முகவரி இருக்கிறது என்று கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

லாகின் இருந்தும் “பணம் கேட்குது” என்று வருகிறவர்கள் செய்வது ஒன்றுதான். கூகுளில் தேடிக் கட்டுரையின் பக்கத்துக்கு நேரே போயிருப்பார்கள். பதிப்பாளருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, பணம்தான் கேட்பார். முதலில் என்-லிஸ்ட் தளத்துக்குள் நுழைந்து, அங்கிருக்கும் பட்டியலில் பதிப்பாளரைத் தேர்ந்தெடுத்து, அந்த வழியாகவே போய்க் கட்டுரைத் தலைப்பைத் தேட வேண்டும். இன்னொன்று: ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் வரிசையாக இறக்காதீர்கள். பதிப்பாளர்களின் கணினி அதை இயந்திரத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு கல்லூரி முழுவதற்கும் வாசலைச் சாத்திவிடும்.

அரசு நடத்தும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கு 2025 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற இன்னொரு வாசலும் உண்டு. 30 பன்னாட்டுப் பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்பதை நூலகர் சொல்வார். அறிவியல் முதுநிலை மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் திருட்டுத் தளங்களில் அலைவது பரிதாபம்.

இரண்டும் இல்லாதவர்கள் கூகுள் ஸ்காலரில் கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதை அழுத்துங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாக ஏற்றியிருக்கும் பிரதி அங்கே அகப்படும். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் சொந்தக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே வாசிக்கலாம். வரலாறு, ஆங்கிலம், பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு அதுவே ஒரு பெட்டகம்.

ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்பாக இருக்கும், டேட்டா மிச்சம். புராஜெக்ட் தொடங்குகிறவருக்கு ஒரு யோசனை: ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் முன்னாய்வுப் பகுதியையும் கடைசியில் வரும் நூற்பட்டியலையும் முதலில் இறக்குங்கள். ஒருவர் பல ஆண்டு அலைந்து திரட்டிய பட்டியல் அது. அதிலிருந்து உங்கள் நூலகத்தில் எவை இருக்கின்றன என்று ஓபேக்கில் பாருங்கள். அத்தியாயத்தையே எடுத்து ஒட்டுவது வேறு கதை, கீழே சொல்கிறோம்.

தமிழ் மாணவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் தவிர்க்க முடியாதது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள், பழைய பதிப்புகள், இதழ்கள் எல்லாம் இலவசம். பெரும்பாலானவை பக்கங்களின் படம் என்பதால் உள்ளே சொல் தேட முடியாது. வேண்டிய சில பக்கங்களை மட்டும் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாக மாறிவரும். பழைய அச்சில் இருக்கும் ‘ணா’, ‘றா’, ‘னை’ போன்ற பழைய எழுத்து வடிவங்களில் தடுமாறும். ஆகவே மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் மேற்கோள் காட்ட வேண்டாம்.

நம் மாவட்டத்தைப் பற்றியே புராஜெக்ட் என்றால்

வரலாறு, பொருளியல், சமூகவியல், தாவரவியல் என்று எந்தத் துறையானாலும் நம் மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது உள்ளூர்த் தலைப்பு: தாமிரபரணிப் பாசனம், பத்தமடைப் பாய், பீடித் தொழில், ஆதிச்சநல்லூர். “இதைப் பத்தி மெட்டீரியலே இல்ல சார்” என்பதும் வழக்கமான புலம்பல். சரக்கு ஏராளம். பெயர்தான் வேறு.

இன்று நாம் ‘திருநெல்வேலி’ என்று ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலில் தேடினால் விடுதலைக்கு முந்தைய எதுவும் வராது. அப்போது அது டின்னவெலி. பாளையங்கோட்டை ‘பாலம்கோட்டா’ என்று வரும், தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’. ஆறு ‘தாம்ரபர்ணி’ என்றும் நடுவில் ஒரு ‘பி’ எழுத்து சேர்ந்தும் வரும்; அப்படித் தேடும்போது இலங்கையின் பழம்பெயரும் வந்து குழப்பும், ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஆதிச்சநல்லூரை ‘ச்ச’ இரட்டித்தும் இரட்டிக்காமலும் தேட வேண்டும். அங்கே 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயின் தொல்பொருள் அட்டவணை 1915-ல் வந்தது. இந்த எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள்.

பெயர் மட்டுமல்ல, எல்லையும் மாறியிருக்கிறது. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் டின்னவெலியில் இருந்தன. எனவே ஸ்டூவர்ட்டின் 1879-ஆம் ஆண்டுக் கையேட்டிலும் கால்டுவெல்லின் 1881-ஆம் ஆண்டு வரலாற்றிலும் வரும் மாவட்டம் வேறு, பேட் எழுதிய 1917-ஆம் ஆண்டு கெசட்டியரில் வரும் மாவட்டம் வேறு. இரண்டிலிருந்தும் பரப்பளவோ மக்கள்தொகையோ எடுத்து நேருக்கு நேர் ஒப்பிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். மூன்றும் காப்புரிமை முடிந்தவை. இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அதன் பழைய ஆவணங்களை இந்த நூல்களில் தேடிப் பயனில்லை. தூத்துக்குடி பிரிந்தது 1986 அக்டோபரில். அதன்பின் 1997 வரை நம் மாவட்டத்தின் அரசுப் பெயரில் கட்டபொம்மன் ஒட்டிக்கொண்டிருந்தார். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டை வெறும் ‘திருநெல்வேலி’ என்று தேடினால் தவறவிடக் காரணம் இதுதான்.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2011 கணக்கெடுப்பில் வரும் திருநெல்வேலி இரண்டையும் சேர்த்த எண். இன்றைய திருநெல்வேலிக்கு எண் வேண்டுமானால் மாவட்டக் கையேட்டில் தாலுகா வாரியாகப் பார்த்துச் சிவகிரி, சங்கரன்கோவில், வீரகேரளம்புதூர், தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். பிறகு கிராமப் பட்டியலை இன்றைய மாவட்ட எல்லையோடு ஒருமுறை சரிபாருங்கள். தாலுகாக்களை உடைத்துப் புதிதாக அமைத்தபோது ஓரத்துக் கிராமங்கள் இடம் மாறியிருக்கலாம். எந்த எண்ணை எப்படிக் கழித்தீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். தேர்வாளருக்கு அந்த ஒரு குறிப்பே போதும், உழைத்திருக்கிறார் என்று தெரிய.

கல்லூரிக்கு வெளியே

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராவது எளிது: அடையாளச் சான்று, சிறு வைப்புத்தொகை, ஆண்டுச் சந்தா. உட்கார்ந்து வாசிக்க உறுப்பினராகக்கூட வேண்டியதில்லை. பாடநூலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தமிழ் இலக்கியம், பொது வாசிப்பு, நாளிதழ், போட்டித் தேர்வு நூல்கள்தான் அங்கே பலம். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் போனால் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைப்பது அதிர்ஷ்டம். ஊர்ப்புறக் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மேலப்பாளையத்திலிருந்தோ பேட்டையிலிருந்தோ மாணவிகள் வந்து போகச் செலவும் இல்லை.

அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிற இணைப்புக் கல்லூரி மாணவர்கள் துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், கல்லூரி அடையாள அட்டை இரண்டையும் கொண்டு போங்கள். கடிதத்தில் ‘ஆய்வுக்காக’ என்று பொதுவாக எழுதாமல் தலைப்பையும் தேதிகளையும் குறிப்பிட்டால் கேள்விகள் குறையும். தென்காசி சாலையில் ஊரைத் தாண்டி இருக்கும் இடம். போய் இறங்கிய பிறகு தேட ஆரம்பித்தால் நாள் போய்விடும். எந்தெந்தப் புத்தகம், என்ன எண் என்று முந்தின நாளே ஓபேக்கில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூலையில் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் அப்படித்தான்: பஸ்ஸில் மூன்று மணி நேரம், அங்கேயே வாசிக்கும் திட்டத்தோடு பட்டியலை எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் உருப்படியாகும். கையில் கிடைக்காத தனிப் புத்தகத்துக்கு நூலகங்களை இணைக்கும் டெல்நெட் அமைப்பில் உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினரானால் வேறு ஊர் நூலகத்திலிருந்து நூலகர் இரவல் வரவழைக்க முடியும். நேரம் பிடிக்கும், கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

படம் பிடிப்பதும் குறிப்பெடுப்பதும்

கைபேசியில் பக்கங்களைப் படம் பிடிக்கிறவர்கள் எல்லாருமே மறப்பது ஒன்று: தலைப்புப் பக்கம். மூன்று மாதம் கழித்து அடிக்குறிப்பு எழுதும்போது 40 படம் இருக்கும், எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம் என்று தெரியாது. முதல் படம் தலைப்புப் பக்கம், இரண்டாவது அதன் பின்பக்கம், மூன்றாவது முதுகில் ஒட்டியிருக்கும் எண், பிறகுதான் உள்ளே. ஒவ்வொரு படத்திலும் பக்க எண் விழுகிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பழைய நூல்களில் அது மேலே ஓரத்தில் இருக்கும், விரல் மறைத்துவிடும். முழுப் புத்தகத்தையும் நகல் எடுக்க நூலகம் விடாது. சொந்தப் படிப்புக்காக ஓர் அத்தியாயம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை.

ஒட்டும் விஷயத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டியது இந்தக் கணக்கில் சேராது. தமிழில் எழுதிய புராஜெக்டை மென்பொருள் சரியாகப் பிடிக்காது என்று நம்பி ஒட்டுகிறவர்கள் உண்டு. வழிகாட்டி ஆசிரியர் அந்த ஆய்வேட்டின் வைவாவிலேயே உட்கார்ந்திருந்தவராக இருப்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த நூற்பட்டியலைக் கொண்டுவந்து “இந்தப் புக் இருக்கா சார்?” என்கிறார்கள். ஆசிரியர் இருப்பார், பதிப்பகம் இருக்கும், அப்படி ஒரு புத்தகம் மட்டும் உலகத்திலேயே இருக்காது. கட்டுரை என்றால் இதழின் தளத்தில் அந்தத் தொகுதி, அந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கென்றே கொடுத்த அடையாள எண்) இருந்தால் அதைத் தேடுபெட்டியில் போடுங்கள், வேறு தலைப்புக்குப் போனால் பொய் அம்பலம். புத்தகம் என்றால் இரண்டு நூலகக் கேட்டலாக்கிலாவது பெயர் வர வேண்டும். கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது எல்லாவற்றிலும் சுலபம்.

இறுதியாண்டு மாணவர்கள் ஏப்ரல் தேர்வுக்கு முன்பே நூலகத்துக்குப் பாக்கி இல்லை என்று சான்று வாங்கும் நோ டியூஸ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். தொலைந்த புத்தகத்துக்கு அதே நூலின் அதே பதிப்பையோ புதியதையோ வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். அச்சில் இல்லாத நூலானால் தேடவே வாரங்கள் ஆகும், டி.சி. அதுவரை நிற்கும். கார்டில் உங்கள் பெயரில் வேறு யாராவது எடுத்த புத்தகம் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். என்-லிஸ்ட் கணக்கு கல்லூரியோடு கட்டியது, படிப்பு முடிந்தால் போய்விடும். மேற்படிப்புக்கோ நெட் தேர்வுக்கோ தேவைப்படும் கட்டுரைகளை அதற்கு முன் இறக்கி, ஆசிரியர் பெயர், ஆண்டு என்று கோப்புக்குப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட மைய நூலக அட்டை கல்லூரியைச் சார்ந்தது இல்லை. சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம்.